டிரிப் ஷீட்டைக் கேட்ட கோதண்டபாணி

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பிழைப்பைப் போட்டுவிட்டு வந்திருக்கும் திருப்பருத்திக்குன்றத்து மக்களே, பயணியர் சங்கச் செயலாளர் லோகாம்பாளின் வணக்கம். பேருந்துப் பணிமனை அதிகாரி அவர்களே, நீங்களும் மாலையோடு வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு வணக்கம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற தபால்காரர் கோதண்டபாணி ஐயா போய்விட்டார். அவர் என்ன கேட்டார்? பதவி கேட்டாரா? பட்டம் கேட்டாரா? காலை ஏழு இருபது பேருந்து எங்கள் ஊருக்கு வந்ததா, இல்லையா என்று கேட்டார்! அந்த வண்டி வராமல்தான் என் மகள் சத்யப்ரியா பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டாள். எனக்கு வயிறு எரிகிறது, மறைக்க மாட்டேன்.

மூன்று மாதம், தினமும் நிறுத்தத்தில் நின்று, வண்டி வந்த நேரத்தையும் வராத நாளையும் ஊரே பார்க்கக் கரும்பலகையில் எழுதினார். அதிகாரி அவர்களே, நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஏம்பா, உனக்கு வேற வேலையே இல்லியா? எங்க உயிர வாங்கிக்கினு இருக்கியே!"

தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே போனது என்று நீங்கள் எழுதிவைக்கும் டிரிப் ஷீட்டையே கேட்டார். இழுத்தடித்துக் கொடுத்தீர்கள். ஒரு நடைகூடத் தவறவில்லையாம்! வைகாசி கருட சேவை அன்று காலையிலும் வண்டி சரியான நேரத்துக்கு ராஜ வீதி வழியே போனதாம்! குறைதீர் கூட்டத்தில் எழுந்து நின்றார் ஐயா.

"சார், அன்னிக்கு ராஜ வீதியில சைக்கிள உருட்டக்கூட முடியல. பெருமாளே நின்னு நின்னுதான் போனாரு. உங்க பஸ்ஸு மட்டும் எப்டி சார் போச்சு? பறந்துக்கினு போச்சா?"

கூட்டமே சிரித்தது. காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு கருட சேவையை மறந்து பொய் எழுதலாமா? அடுத்த வாரமே வண்டி வந்தது. நான்கு மாதம் ஓடியது. மறுபடி நின்றது.

அதனால்தான் கடைசி மனு. மாதாமாதம் டிரிப் ஷீட்டைப் பேருந்து நிலையத்தில் எல்லோரும் படிக்க ஒட்டுங்கள் என்று கேட்டார். அவர் இறந்து ஒன்பதாவது நாள் பதில் வந்திருக்கிறது. படிக்கிறேன்: "மனுதாரர் காலமாகிவிட்டதால் மனு முடிக்கப்பட்டது." அடடா, இதில் மட்டும் என்ன சுறுசுறுப்பு!

நிழற்குடைக்கு அவர் பெயரை வைக்கப்போகிறீர்களாம். வேண்டாம், ஐயா! அதே மனுவை, ஓர் எழுத்தும் மாறாமல், இந்த மண்டபத்தில் இருக்கும் நூற்றுப் பன்னிரண்டு பேரும் தனித்தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். கோதண்டபாணி ஐயாவுக்கு நாங்கள் செய்யும் மரியாதை இதுதான்.

மாலையைக் கீழே வைத்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மேலே இருப்பது என் மகளின் மனு. அவளுக்குப் பதினெட்டு வயது. நீங்கள் ரிடையர் ஆன பிறகும் அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.