அழுத்திப் பிடித்தால்தான் குதிக்கும்

பிள்ளைகளே, எல்கடுவையிலிருந்து மாத்தளைக்கு வரும் பஸ்ஸில் கேட்டதை உங்களுக்காக எழுதுகிறேன். எனக்குப் பக்கத்து சீட்டில் ஒரு தோட்டத் தொழிலாளியும் அவர் மனைவியும் இருந்தார்கள். தேயிலைச் செடியின் கிளைகளைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தி வெட்டிய அவருடைய வலது பெருவிரலில் தையல் தழும்பு. அந்தக் கையால் போனில் விளையாடிக்கொண்டிருந்தார். பழைய காலத்து கேம் போலக் கட்டம் கட்டமான படம். உள்ளே ஆள் உட்கார்ந்து ஓட்டும் இரும்பு ரோபோ ஒன்று குழிகளைத் தாண்ட வேண்டும்.

“நேத்து பூரா செத்துக்கிட்டே இருந்தேன்,” என்றார் அவர்.

“கிளினிக்குக்குப் போறப்ப பேசுற பேச்சா இது? லேசானதா ஒன்னு விளையாடுங்களேன்.”

“அதுல தொட்டாலே குதிச்சிரும். இதுல அழுத்திப் புடிச்சாத்தான் குதிக்கும். இதையே அழுத்த முடியாட்டி கத்திய எப்பிடிப் புடிப்பேன்?”

ரோபோ மறுபடி குழியில் விழுந்தது.

“குடுங்க, நான் அழுத்துறேன்.”

“நீ அழுத்தினா ரோபோ அந்தப் பக்கம் போயிரும் புள்ள. நான் இங்கதானே நிப்பேன்.”

அவள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

“சரி, செத்து செத்து எந்திரிங்க. மாத்தளை வர இன்னும் நேரம் இருக்கு.”

வீட்டுக்கு வந்ததும், தனியாக நின்று, வலது பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு சட்டைப் பொத்தானைப் போட்டுப் பார்த்தேன். முதல் பொத்தானே ஏறவில்லை.