குறைவு என்று எழுதச் சொன்னவர்

என் பெயரும் வீட்டு முகவரியும் தனித்தாளில் எழுதி வாங்கப்பட்டுள்ளன. வயது முப்பத்தாறு. மருத்துவமனையின் ரத்தப் புற்றுநோய் ஆய்வகத்தில் பரிசோதனை அலுவலராக இருக்கிறேன். யாருடைய வற்புறுத்தலும் இன்றிப் போலீசாரிடம் நான் சொல்வதாவது:

புற்றுநோய்ச் செல்லில் டிஎன்ஏ அறுந்தால் அதைச் சரிசெய்ய நொதிகள் உண்டு. அவற்றுக்கான மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று அளப்பது என் பணி. குறைவாக இருந்தால் புது மருந்து அந்தச் செல்லைக் கொல்லும். அதிகமாக இருந்தால் செல் தப்பித்துக்கொள்ளும், நோயாளியின் உடம்புதான் கெடும்.

லாரி ஓட்டுநர் ஒருவரின் மனைவிக்கு முதலில் குறைவு என்று வந்தது. நான் சரிபார்ப்பதற்குள் பிரிவு மருத்துவர் அவசரப்பட்டு அவர்களிடம் சொல்லிவிட்டார். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை. அதன்பின் பார்த்தபோது, எந்தச் செல்லிலும் மாறாமல் இருக்க வேண்டிய மரபணுவின் அளவும் குறைந்திருந்தது. அதாவது ரத்தம் சூட்டில் கெட்டிருந்தது, அந்த முடிவு செல்லாது. மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

புது ரத்தம் வந்த கண்ணாடிக் குழாயை மேசையில் வைத்துவிட்டு நான் கையுறை மாட்டிக்கொண்டிருந்தபோது ஓட்டுநர் ஆய்வகத்துக்குள் வந்து கதவைத் தாழிட்டார், அதன்பின் ஒரு நாற்காலியை ஓங்கிப் பிடித்துக்கொண்டு எனக்கும் ரத்தம் கெடாமல் வைக்கும் பனிக்கட்டிப் பெட்டிக்கும் நடுவில் நின்றார். "நல்ல சேதின்னு எல்லாருக்கும் போன் போட்டுட்டேன் மேடம். குறைவுன்னே எழுதிக் குடுங்க, நான் போயிடறேன்" என்றார்.

"அண்ணா, இப்படியே நின்னீங்கன்னா இந்த ரத்தமும் கெட்டுடும். அப்போ குறைவுன்னுதான் வரும். நீங்க கேட்டது கிடைச்சுடும், ஆனா பொய்" என்றேன். அவர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார், அதன்பின் நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு, பெட்டியைத் தானே தூக்கி வந்து என் பக்கத்தில் வைத்தார். குழாயைப் பனிக்கட்டியில் வைத்தேன். வேலையைத் தொடங்கினேன். பாதியில், கதவு உள்ளே தாழிட்டிருப்பதைக் கண்ட மருத்துவமனைக் காவலாளிகள் அதை உடைத்து வந்து அவரைப் பிடித்தார்கள். அவர் எதிர்க்கவில்லை. "மேசையைத் தட்டிடாதீங்கப்பா, அது அவ ரத்தம்" என்று கத்தினார், அவ்வளவுதான்.

பரிசோதனை முடிந்துவிட்டது. அதிகம் என்று வந்திருக்கிறது. அந்த மருந்தை அவர் மனைவிக்குக் கொடுக்க முடியாது. அவர் மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை.

இந்த அறைக்கு வரும்போது வெளியே பெஞ்சில் அவரை உட்கார வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "ரத்தம் கெடலையே மேடம்?" என்று கேட்டார். கெடவில்லை என்றேன். கைகூப்பிச் சிரித்தார். அதிகம் என்று வந்திருப்பதை நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இது நான் கண்டதும் செய்ததும். படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே உள்ளது.

(ஒப்பம்)