மக்தலேனா சொன்ன எண்கள்

ஸ்டேஷன் டீ நன்றாகவே இருக்கிறது, சார். பால் கொஞ்சம் கூடுதல். எனக்கு அது பிடிக்கும். தமிழ் தெரிந்தவரை எனக்கு எதிரில் உட்காரவைத்தார்களே, அதுவும் நல்லதுதான். பர்மியத்தில் என்றால் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன்.

ரெண்டு நம்பர் ஆட்டம் ஆடினேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அரசாங்க லாட்டரி வண்டி ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் தாகேதா தெருவில் போனால் குற்றமில்லை. பேங்காக் பங்குச் சந்தை மத்தியானமும் சாயங்காலமும் நிற்கும்போது கடைசியில் வரும் இரண்டு இலக்கத்துக்குக் காசு வைத்தால் குற்றம். நம்பர் எழுதிக் காசு வாங்குபவனுக்கும் தண்டனை, ஆடுபவருக்கும் தண்டனை. தெரிந்துதான் ஆடினேன். ஆனால் அளவோடு ஆடினேன். கடன் வாங்கியதில்லை, நகையை அடகு வைத்ததில்லை. நாளுக்கு ஒரே எண்.

மிங்கலா தாங்ஞுன்டில் இன்டர்நெட் கடை வைத்து எனக்கு நம்பர் எழுதும் நியாஸைக் கேளுங்கள், அவனே சொல்வான். "உங்கள மாதிரி எல்லாரும் ஆடினா நான் கடைய மூடிட்டு மொஹிங்கா நூடுல்ஸ் விக்கப் போகணும், அக்கா" என்று சிரிப்பான்.

மக்தலேனா என் நாத்தனார். என் வீட்டுக்காரர் செத்துப்போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு எண்களைப் பலகையில் மாட்டுவது அவள் வேலை. சர்க்கரை நோய்க்காரி. காலையில் இன்சுலின் ஊசியை நான்தான் போடுவேன். போட்டதும் சாப்பிட்டாக வேண்டும். நர்கிஸ் புயலுக்கு அடுத்த வருஷம் ஒருநாள் சோறு தாமதமாகிவிட்டது. வேண்டுமென்று இல்லை, அடுப்புக்கரி நனைந்திருந்தது. அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. கண் எங்கேயோ போய்விட்டது. "நாப்பத்தாறு மாட்டலையே மதினி, சாமியார் வந்துட்டாரு" என்று பிதற்றினாள். வாயில் வெல்லக்கட்டியை வைத்தேன், தெளிந்துவிட்டாள். அன்று மத்தியானம் வந்தது நாற்பத்தாறு.

அதற்குப் பிறகு கரி நனையவில்லை. சாப்பாட்டை மட்டும் கொஞ்சம் தள்ளிவைத்தேன்.

அவளுக்குப் புரியாமல் இல்லை. "நம்பருக்காகவா என்னைப் பட்டினி போடுறீங்க? கேட்டா நானே சொல்றேன்ல. பாட்டு புஸ்தகமே எனக்கு மனப்பாடம் மதினி" என்றாள். சொல்லவும் செய்தாள், பாவம். அவள் தெளிவாயிருந்து சொன்னதையெல்லாம் எழுதிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. தெளிவில் சொல்வது அவள் எண். பிதற்றலில் வருவதுதான் மேலேயிருந்து வருவது. ஆடுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பிதற்றியதும் எல்லா நாளும் வரவில்லை என்பது உண்மைதான். வராத நாட்களில் அவள் முழுதாக மயங்கவில்லை என்று புரிந்துகொண்டேன். அதனால் இன்னும் கொஞ்சம் தள்ளிவைத்தேன்.

கடைசி நாள் அவள் எண்ணே சொல்லவில்லை. "பசிக்குது மதினி" என்றாள்.

"சொல்லு, தர்றேன்."

எண்பத்திரண்டு என்று சொல்ல அவளுக்கு வெகுநேரமாயிற்று. நியாஸ் மத்தியானத்துக்கு முன்பே எழுதுவதை நிறுத்திவிடுவான், பஸ்ஸும் வந்து நின்றது. வெல்லத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடினேன். கையைத் தூக்க அவளால் முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வைத்தேன்.

திரையில் வேறு எண் வந்தது. "விடுங்க அக்கா, பேங்காக்காரன் என்ன உங்க மாதா கோயிலுக்கா வர்றான்" என்றான் நியாஸ். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து, "வரலடி மக்தா" என்றேன். கண்ணை மூடிக் கிடந்தாள். கோபமாக்கும் என்று நினைத்துச் சோற்றைப் போட்டு அவள் பக்கத்தில் வைத்தேன். சோறு ஆறிய பிறகுதான் தொட்டுப் பார்த்தேன். அவளும் ஆறியிருந்தாள்.

ஆடினேன் என்று எழுதுங்கள், கொன்றேன் என்றும் எழுதுங்கள். இரண்டுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஆட்டத்துக்கு அடிமை என்று மட்டும் எழுதாதீர்கள்; நான் விட்டுவிட்டேன். அவள்தான் விடவில்லை. இப்போதும் உங்கள் நாற்காலிக்குப் பின்னால் வேர்த்துப்போய் நின்றுகொண்டு, முப்பத்தொன்பது, முப்பத்தொன்பது என்கிறாள்.

காசு ஒன்றும் வைக்கப் போவதில்லை, சார். சாயங்காலம் பேங்காக் மூடியதும் அது வந்ததா என்று மட்டும் யாரையாவது பார்த்துவரச் சொல்லுங்கள்.