கெட்டிச் சட்னி, தனியா

என்ன தம்பி, போன நீட்டுனதும் நடிகருங்க மாரி பேசிக் காட்டுவேன்னு பாத்தீங்களா? அதுக்கு வேற ஆள பாருங்க. நான் ஊர்ல இருக்கறவங்க மாரி மட்டுந்தான் பேசுவேன். மெட்ராஸ்ல மெட்ரோ ஸ்டேஷன் ஒண்ணொண்ணா சுத்தி தின்னு முடிச்சிட்டு, இப்ப எங்க நெய்வேலி பஸ் ஸ்டாப்புக்கு வந்துட்டீங்களாக்கும்? எடுங்க, வீடியோ எடுங்க.

அதோ, எங்க மைன்ஸ் ஆளுங்க குவாட்டர்ஸ். பெரிய கட்டடக் கலை! ஒரே தட்டுல வெந்த இட்லிங்க. எங்க செக்சன் ஆளு ஒருத்தரு ஷிப்ட் முடிச்சு வந்து அடுத்த வூட்ல பூந்து, காபி எங்கடின்னாரு. அந்தம்மாவும் குடுத்துட்டாங்க. குடிச்சி முடிக்கிற வரைக்கும் ரெண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியல!

இது பேன்சி ஸ்டோரு சண்முகசுந்தரம். மூக்காலதான் பேசுவாரு. கம்ம்பெனி பீஸுங்ங மேடம்ம், சாயம் போவாதுங்ங. எங்க போவும்? நம்ம கைக்குத்தான் வந்துருமே.

பரோட்டா கடையா? அந்த சால்னால மொகம் பாத்து தல சீவிக்கலாம்.

எது, வேப்ப மரத்தடி தள்ளுவண்டியா? ஐயய்ய. அந்த போண்டாவ வுட்டெறிஞ்சா மைன்ஸ்ல பாறை பொளக்கும். வாசன இழுக்குதா? சரி, போங்க. நாலு வாங்குங்க. கெட்டிச் சட்னி, தனியா கட்டச் சொல்லுங்க. நான் அனுப்புனேன்னு மட்டும் வாய தொறக்காதீங்க. போன நிறுத்தாதீங்க, அது பாட்டுக்கு ஓடட்டும். நான் வரல, இங்கியே நின்னுகினு இருக்கேன்.

வந்துட்டீங்களா? என்ன சொல்லிச்சு அந்தம்மா? வெல கேக்கலைங்க. கொரலு எப்டி இருந்துது? தொண்ட கட்டிக்கினு இருந்துதா? சும்மாதான் கேக்கறேன்.

டேய் கருணாகரா, ஆட்டோல குந்திகினு உன் சவாரிய பாரு. டேய், டேய்... சொல்லிட்டான் பாருங்க.

ஆமாங்க. என் வூட்டுக்காரிதான். மணிமொழி. அவங்கம்மா செத்தப்ப அவ வெச்ச ஒப்பாரிய, பொங்கல் விழா மேடையில அப்டியே எடுத்து வுட்டேன். ஒரு இழுப்பு கொறையல. மொத்த பிளாக்கும் வவுத்த புடிச்சிகினு சிரிச்சுது. அவ மொத வரிசையில குந்திகினு இருந்தா. அன்னிக்கி கம்மாபுரம் அண்ணன் வூட்டுக்கு போனவதான். மூணு பொங்கல் ஆச்சு. வியாபாரத்துக்கு பஸ்ல வரா, போறா. நான் கிட்ட போனா வாய மூடிக்குவா.

போண்டா ஆறட்டும் தம்பி. அவ பேசுனது போன்ல ஏறியிருக்கும்ல? ஒரு வாட்டி போடுங்க.