அடிக்கடி பாத்தா மாறாது

இல்ல தம்பி, நான் இந்த ஆராய்ச்சிக்கூடத்துல வேலை செய்யல. எம் பொண்ணு செய்யுறா. நீங்க ஏசி ரிப்பேரா? உக்காருங்க, உள்ள விட நேரமாகும். அவளுக்கு அணுவைப் பிடிச்சு வச்சு வேடிக்கை பாக்குற வேலை. நானும் இப்படித்தான் சிரிச்சேன்.

காத்தே இல்லாத குடுவை. உள்ள மின்சாரத்தாலயே வேலி போட்டு அணுங்களை நிறுத்தியிருக்கா. ரேடியோ அலை பட்டா அதுங்க ஒரு நிலையிலேருந்து இன்னொன்னுக்கு மெல்ல மாறும். சும்மா விட்டா அநேகமா எல்லாமே மாறிடும். நடுநடுவுல லேசர் அடிச்சு, மாறிட்டியா, மாறிட்டியான்னு பாத்தா? மாறாது! எவ்வளவு அடிக்கடி பாக்குறாங்களோ அவ்வளவுக்குப் பழைய நிலையிலயே நிக்கும். சோதனை பண்ணி எண்ணிப் பாத்தது தம்பி, கட்டுக்கதை இல்ல.

எனக்கு இது போதாதா? எங்க ஆலையில ஆளுக்கு ஆள் தலைக்கு மேல கேமரா மாட்டினான் முதலாளி. தொழிற்சங்கத்துத் துண்டறிக்கை எப்பவும் நான் எழுதுறதுதான். கண்காணிச்சா அணுவே உறைஞ்சு போகுது, மனுசன் எம்மாத்திரம்னு ஒரு போடு போட்டேன். கூட்டத்துல விசில் பறந்துச்சு. விஞ்ஞானி சொல்றாங்கன்னு எம் பொண்ணு பேரையும் போட்டிருந்தேன். அவளைக் கேக்கல. பெத்தவன் கேக்கணுமான்னு திமிரு.

படிச்சிட்டுத் தலையில அடிச்சிக்கிட்டா. பாக்குறதுன்னா கண்ணால முறைக்கிறது இல்லப்பா, வெளிச்சம் போய் அதைத் தொடுது. இடைவெளியை மாத்திப் பாத்தா சிலது சீக்கிரமாவே மாறும், ஆனா அதை நீ எழுதலியேன்னு கேட்டா. கோஷத்துல ‘ஆனா’வுக்கு ஏதும்மா எடம்னேன்.

ஆலை வக்கீல் அந்தத் துண்டறிக்கையை இங்க மேலதிகாரிங்ககிட்ட கொண்டாந்து நீட்டிட்டான். ஆராய்ச்சி பேர்ல பொய் பரப்பிட்டதா எம் பொண்ணு மேல போன வாரம் விசாரணை. உண்மையைச் சொல்லத்தான் நானும் போனேன். இது யார் சொன்னதுன்னு கேட்டாங்க. எதிர்ல அந்த வக்கீல், வாய்க்குள்ளயே சிரிச்சுக்கிட்டு. அவன் முன்னாடி நான் புளுகினேன்னு எப்படிச் சொல்றது? அவ என் மூஞ்சியைப் பாத்தா. நான்தான் எழுதிக் குடுத்தேன்னுட்டா.

மைக் இல்லாமலே தெருக்கோடி வரைக்கும் கேக்குற வாய் தம்பி இது. தொறக்கல.

சங்கத்து ஆளுங்ககிட்ட மூச்சு விடாதப்பா, உன்னைத்தான் அசிங்கமா பேசுவாங்கங்கிறா.

அதோ, மேசையைக் காலி பண்ணிட்டு வர்றா. கொஞ்சம் வழி விடுங்க, அந்தப் பொட்டியை நான் வாங்கிக்கிறேன்.