தட்டில் செத்த செல்

ராஜபாளையத்தில் மதுரை பஸ் ஏறினேன். முன் சீட்டில் காலேஜ் லேப்பில் வேலை பார்க்கும் ஒரு பெண். பக்கத்தில் அவள் அக்கா வீட்டுக்காரர், கண் மஞ்சளாக, மடியில் கீழாநெல்லிச் சாறு பாட்டிலோடு.

“லேப்ல தட்டுல வளத்த கேன்சர் செல்லுதான் செத்துச்சு அத்தான். நீங்க தட்டு இல்ல.”

“கீழாநெல்லி ஈரல் கேன்சரக் கொல்லுதுன்னு நீதான சொன்ன? சேத்தூர்ல வரப்பு வரப்பா நான்தான பறிச்சுக் குடுத்தேன்?”

“கேன்சர் செல்லு தன்னோட டிஎன்ஏ உடைஞ்சா தானே ஒட்டிக்கிடும். அத ஒட்டுத என்சைமைத் தடுக்குத சத்து செடியில இருக்கான்னு பாக்கேன். நல்ல செல்லுக்கும் அந்த என்சைம் வேணும். அதையும் தடுத்துச்சுன்னா?”

“தடுக்குமா?”

“இன்னும் தெரியல.”

“நீ தெரிஞ்சுக்கிடுத வரைக்கும் நான் இருக்கணுமே.”

“அதுக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் நின்றது. அவர் எழுந்தார்.

“நான் எறங்குதேன். போன தடவ போட்ட கேன்சர் ஊசிக்கே நாலு நாள் சோறு எறங்கல. இந்தச் சாறு போதும்.”

அவள் காலை நீட்டி வழியை மறித்தாள்.

“சாறு குடிக்கதையும் டாக்டர்ட்ட நானே சொல்லுவேன். அடுத்த கட்டு செடிக்கு வரப்புல வேற யாரும் எறங்கக் கூடாது. நீங்கதான் பறிக்கணும். உக்காருங்க.”

கண்டக்டர் விசில் ஊதினார். அவர் உட்கார்ந்தார். அவள் பாட்டிலை வாங்கித் தன் பையில் வைத்தாள்.

“தட்டுக்கு ஊத்துவ, எனக்கு ஊத்த மாட்ட.”

“ஆமா. தட்டு செத்தா வேற தட்டு எடுத்துக்கிடுவேன், அத்தான்.”