துணைக்கு ஒரு பெண்

குற்றாலத்திலிருந்து தென்காசி வரும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு நடைக்குப் போய்விட்டு இளஞ்சிவப்புச் சேலையில் திரும்புகிறாள்.

"ஒங்கள நெனச்சுத்தான் மொத்த ஆபீசும் நடந்துச்சுக்கா."

"சந்தோசம்ட்டி. திங்கக்கிழம எனக்கு ஆப்பரேசன். பொம்பள வார்டுல மவன விடமாட்டாவளாம், துணைக்குப் பொம்பளதான் இருக்கணுமாம். ரெண்டு ராத்திரி வந்து இருக்கியா?"

"லீவு இல்லையேக்கா. இருந்தத இன்னைக்கு நடக்கதுக்குப் போட்டுட்டேன்."

"மத்தவளுவ?"

"எல்லாருந்தான் போட்டோம்."

"அப்ப ஆப்பரேசன மறுபடியும் தள்ளிப்போடச் சொல்லிருதேன்."

இளையவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இலஞ்சி தாண்டியதும் மூத்தவள் அந்த முந்தானையைத் தொட்டுப் பார்த்தாள்.

"சேல நல்லாருக்கு. எல்லாரும் எங்கன எடுத்திய?"